‘சிறப்பாக’ என்னும் ஒரு சொல்

அரசியல் என்ற சொல் செவியில் விழுந்ததும் கண்களை மூடிச் செபிக்கத் தொடங்கும் கிறிஸ்தவர் உண்டு. உடனே வேட்பாளருக்கு மாலை வாங்க ஓடுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்க முயன்ற ஆவணம் ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். 1974 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், பில்லி கிரகாமின் முயற்சியால் கூடிய நற்செய்தி இயக்கச் சகோதரர்களின் உலக மாநாடு வெளியிட்ட உடன்படிக்கை அது. அதன் வரைவில் முதன்மைப் பங்கு ஆங்கிலிக்கன் குருவான ஜான் ஸ்டாட்டுடையது.

பதினைந்து பகுதிகளுள் ஐந்தாவது நம் நன்றிக்குரியது. சமூகப் பொறுப்பைப் புறக்கணித்ததற்காக அதில் மனம் வருந்துகின்றனர். அரசியல் விடுதலை மீட்பு ஆகாது என வரையறுத்துவிட்டு, ஆயினும் நற்செய்தி அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் கிறிஸ்தவக் கடமையின் கூறுகளே என்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் வழியாக வந்த முற்றத்திற்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் வேறு வாசலால் வந்து சேர்ந்தனர். முந்தி வந்த பெருமை நமக்கு வேண்டாம். வந்தபின் நாம் செய்தது என்ன?

பதின்மூன்றாம் பகுதியில்தான் நமக்கு இடறல். அநீதியாகச் சிறைப்பட்ட அனைவருக்காகவும் அது கவலைப்படுகிறது. ‘சிறப்பாக’, இயேசுவுக்குச் சான்று பகர்ந்து துன்புறுவோருக்காக. தாய்க்குத் தன் பிள்ளை மீது கூடுதல் பரிவு இயல்பே. ஆனால் தமிழகத்தில் அந்தச் ‘சிறப்பாக’ வளர்ந்து, ‘அனைவரையும்’ விழுங்கிவிட்டது. இதில் கத்தோலிக்கரும் பிரிந்த சகோதரரும் ஒன்றே.

2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது பள்ளிகளை மூடினோம், உண்ணாநோன்பு இருந்தோம். அது தவறன்று, 2004இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதன் தண்டனைப் பிரிவை நினைவுகூர்வோம். பொதுவாக மூன்றாண்டுச் சிறை. மாறுபவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் இனத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு. நரைத்த தலையுடைய மலையாளிப் பெரியவர் ஒருவரைச் சட்டம் சிறுவனோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. நம் மேடைகளில் உரக்க ஒலித்ததோ நம்முடைய மதஉரிமை. அந்தப் பெரியவரின் மானம் அன்று.

பின்னர் 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டியதாகக் கூறி இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் இந்த ஜவ்வாது மலையின் பிள்ளைகளும் இருந்தனர். அதற்கு முன்பே மலைமக்கள் பலர் அம்மாநிலச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாய்க் கிடந்தனர். சாமையும் தேனும் விற்றுக் கடன் அடையாதவன் தரகனின் முன்பணத்துக்கு மயங்குவதில் வியப்பென்ன? அவர்களுக்காக நம் பள்ளிகள் மூடப்படவில்லை. மணி அடித்தது, பாடம் நடந்தது.

மிதமான அரசியல் ஈடுபாடு என்பது குரலைத் தாழ்த்திக்கொள்வது அன்று. கட்சிகளில் முனைந்து பங்கேற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் எண் குருக்களாகிய நமக்குத் தடைசெய்கிறது, நல்லதே. ஆனால் பொதுவாழ்விலிருந்து பொதுநிலையினர் ஒதுங்கலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் எழுதினார். அந்த வரியை மறையுரையில் எத்தனை முறை கூறியிருக்கிறோம்? நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, மலைவாசியின் நில உரிமைக் கோரிக்கை முதலில் செல்லுமிடம் கிராம சபை. அங்கே அமரக் கட்சிக்கொடி வேண்டியதில்லை, ஆள் வேண்டும். அது ஆகஸ்ட் 15 அன்றும் கூடும். அன்றோ நமக்கு மாதாவின் விண்ணேற்பு விழா. பக்கத்துச் சபையில் உபவாசச் செபம். இவ்வாண்டு விழாத் திருப்பலியைக் காலை ஆறு மணிக்கே வைத்திருக்கிறோம். அந்தச் சபையின் பாஸ்டரிடமும், செபத்தை மாலைக்குத் தள்ளி வைக்க இயலுமா எனக் கேட்டிருக்கிறோம்.