சிமிழுக்கு உரியவர் யார்?

இலக்கியத் திறனாய்வில் உருவம் சிறந்ததா, உள்ளடக்கம் சிறந்ததா என்னும் வழக்கு நெடுநாளையது. தமிழாசிரியர் வகுப்பறையில் அவ்வினாவை எழுப்புவதும், இரண்டும் வேண்டும் என்று எழுதி மாணவர் தப்பித்துக்கொள்வதும் வழக்கமே. வணிக உலகில் இவ்விடை செல்லுபடியாவதில்லை. உதட்டுச்சாயத்தை விற்பது சாயமா, அதனைத் தாங்கிய சிமிழா என்பது அங்கே பெரும்பொருள் சார்ந்த வினா. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்று இவ்வினாவின் நடுவிலே நிற்கிறது. தீர்ப்பும் ஓர் எழுத்தே. அது சொல்லியதையும் சொல்லாமல் விட்டதையும் திறனாய்வது தகும்.

வழக்காடிய நிறுவனம் கெர்லேன். 1828இல் பாரிசு நகரில் தோன்றிய அவ்வாசனைப் பொருள் நிறுவனம், கொள்கலத்தின் அருமையைத் தொடக்க நாளிலேயே உணர்ந்திருந்தது. 1853இல் பேரரசி யூசெனிக்கெனச் செய்த தைலத்தைத் தேனீக்கள் புடைத்து நிற்கும் கண்ணாடிக் குப்பியில் வைத்து அளித்தது. தேனீயோ நெப்போலியன் குடியினரின் சின்னம். 1925இல் அது வெளியிட்ட ஷாலிமார் தைலம், மணத்தாற் போலவே விசிறி வடிவ மூடியாலும் புகழ்பெற்றது. ஷாலிமார் என்னும் பெயர் முகலாயர் அமைத்த பூந்தோட்டத்தினுடையது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ள அழகுப் பொருள் வணிகர் ஒருநாளும் தயங்கியதில்லை.

2018இல் இந்நிறுவனம் தன் உதட்டுச்சாயச் சிமிழின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுமாறு ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகத்தை வேண்டியது. பெயரன்று, எழுத்தன்று, படமன்று. சிமிழின் முப்பரிமாண உருவம் மட்டுமே. அலுவலகம் மறுத்தது. மேல்முறையீட்டுக் குழுவும் 2020இல் அம்மறுப்பை உறுதி செய்தது. சந்தையிலுள்ள சிமிழ்களினின்று இது போதிய அளவு விலகவில்லை, ஆதலின் இதைக் கண்ட மாத்திரத்தில் செய்தவர் இன்னார் என்று வாங்குவோர் அறியார் என்பது அவர்கள் கருத்து.

நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இச்சிமிழ் படகின் அடிப்பகுதியையோ குழந்தை வண்டியையோ நினைவூட்டுகிறது. உதட்டுச்சாயத்துக்கு இது வழக்கமில்லாத வடிவம். மேலே சிறியதொரு நீள்வட்டம் புடைத்துள்ளது. மற்றச் சிமிழ்களைப் போல இதனை நிமிர்த்தி நிறுத்தவும் இயலாது. இவற்றைக் காண்போர் வியப்படைவர், மனத்திலும் கொள்வர் என்று கூறி, அலுவலகத்தின் முடிவை நீதிமன்றம் நீக்கியது. நிற்க முடியாமையே ஒரு பொருளுக்குப் பெருமையாய் முடிந்த வேடிக்கை இது.

தீர்ப்பின் சிறப்பை முதலிற் சொல்ல வேண்டும். அழகை எடைபோடுவது தன் பணியன்று என்று நீதிமன்றம் தெளிவாக வரையறுத்துக்கொண்டது. வடிவம் பார்ப்போர் கண்ணில் வழக்கத்துக்கு மாறான விளைவை உண்டாக்குகிறதா என்பதே அது கொண்ட அளவுகோல். ஒரு துறையில் பலவகை வடிவங்கள் வழங்குவதாலேயே, புதிதாய் வருவதும் அவற்றுள் ஒன்றாகவே கருதப்படும் என்று முடிவு கட்டலாகாது என்றும் அது கூறியது. இவை நேரிய வாதங்கள். குறை வேறிடத்தில் உள்ளது. அதைக் காண இருவகை உரிமைகளின் வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

புதிய வடிவத்தைப் படைத்தவனுக்கு அவன் உழைப்பின் பொருட்டுத் தரப்படுவது வடிவமைப்புரிமை. ஒன்றியத்தில் அதனை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து 25 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். அமெரிக்காவில் இதற்கு வடிவமைப்புக் காப்புரிமை என்று பெயர். 2015 மே 13 முதல் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு, உரிமை வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள். காலம் முடிந்ததும் வடிவம் பொதுவாகிவிடும். எவரும் செய்யலாம், விற்கலாம். வணிகச் சின்னத்தின் இயல்பு வேறு. அதனைப் பத்தாண்டுக்கொரு முறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு முடிவில்லை. ஒரு பெயருக்கு இவ்வுரிமை தருவதால் எவர்க்கும் இழப்பில்லை. ஒருவர் தம் பெயரை நூறாண்டு வைத்திருந்தால், பிறர் வேறு பெயர் சூட்டிக்கொள்வர். வடிவமோ அத்தகையதன்று. கையில் அடங்கி, பையிற் கிடந்து, ஒரு விரலால் திறக்கத்தக்க வடிவங்கள் அளவிறந்தன அல்ல. இன்று ஒருவர் ஒன்றையும் நாளை ஒருவர் மற்றொன்றையும் என்றென்றைக்கும் வேலியிட்டுக்கொண்டால், பின்வரும் கைவினைஞனுக்கு எஞ்சுவது என்ன? படகின் வடிவத்தைக் கடலோடிகள் எவரிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு தரவில்லை.

வணிகர் இத்துணை முனைப்பாகக் கொள்கலத்தைப் பற்றிக்கொள்வதற்குக் காரணமும் உண்டு. உள்ளிருக்கும் மணத்துக்குச் சட்டத்தின் காவல் அரிது. இலவங்கப் பட்டையின் சாயலுள்ள ஒரு மணத்தைச் சின்னமாகப் பதிய வேண்டும் என்று வந்த சீக்மன் வழக்கில், வேதியியல் வாய்பாடும் சொல் விளக்கமும் மாதிரிப் புட்டியும் போதா என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் கூறிவிட்டது. 2006 சூன் 13ஆம் நாள் பிரான்சின் உயர்முறையீட்டு நீதிமன்றம், மணத்துக்குப் படைப்புரிமை இல்லை என்றது. மூன்று நாள் கழித்து நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லான்கோம் நிறுவனத்தின் திரெசோர் தைலத்தைப் பற்றிய வழக்கில், மணத்துக்குப் படைப்புரிமை உண்டு என்றது. மூக்கு ஒன்றே, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சட்டம் மாறுகிறது! இந்நிலையில் உள்ளடக்கத்தைக் காக்க இயலாதவர் உருவத்தைக் காக்க ஓடுவது இயல்பே.

போலி செய்வோரின் துணிவையும் மறைத்தல் கூடாது. இங்கிலாந்தில் சார்லட் டில்பரி நிறுவனம் ஆல்டி என்னும் பல்பொருள் அங்காடிமீது வழக்குத் தொடுத்தது. முன்னதன் ஒப்பனைத் தூள் 49 பவுண்டு. அதனை ஒத்ததாய் ஆல்டி விற்றது 6.99 பவுண்டு. மூடியின் ஒளிக்கதிர்க் கோலமும் தூளின்மேல் அழுத்திப் பதித்த உருவமும் ஒத்திருந்தன. தூளைப் பயன்படுத்தினால் அதன்மேலுள்ள உருவம் அழிந்துவிடும், அழியும் ஒன்றுக்குப் படைப்புரிமை ஏது என்று வாதிட்டது ஆல்டி. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாசலிற் கோலமிடும் பெண்ணும் ஏற்றிருக்க மாட்டாள்: காலடி பட்டுக் கலைந்தாலும் கோலம் இட்டவளுடையதே. படைத்தவர்க்கு நீதி கிடைத்த இவ்வழக்கில் என்றும் முடியாத சின்ன உரிமை தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது. படைப்புரிமை நெடியதாயினும் அதற்கும் ஒரு முடிவு உண்டு.

கெர்லேன் தீர்ப்பின் குறை இனி விளங்கும். ஒன்றியத்தின் சட்டம் வடிவச் சின்னங்களுக்கு இரு வாயில்களை வைத்துள்ளது. பிறவற்றினின்று பிரித்தறியும் தன்மை உண்டா என்பது முதல் வாயில். பொருளுக்குப் பெருமதிப்பைத் தருவதே அவ்வடிவந்தானா, அவ்வாறாயின் பதியக் கூடாது என்பது இரண்டாம் வாயில். காலவரையுள்ள உரிமைகளைச் சின்னத்தின் வழியாக எல்லையின்றி நீட்டிக்கொள்ளாதபடி தடுப்பதே இதன் நோக்கம் என்று, திரிப் திராப் என்னும் குழந்தை நாற்காலி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் விளக்கியுள்ளது. கெர்லேன் வழக்கில் அலுவலகம் எழுப்பியது முதல் வினாவை மட்டுமே. ஆதலின் நீதிமன்றமும் அதற்கே விடை கூறியது. நீதிமன்றத்தின்மேற் குற்றம் சுமத்துவதிற் பயனில்லை. கேட்க வேண்டியதைக் கேளாதது அலுவலகம். செல்வர் வாங்கும் உதட்டுச்சாயத்தில் விலையை உயர்த்துவது சாயமா சிமிழா என்பதைவிடத் தலையாய வினா அவ்வழக்கில் வேறில்லை. அது எவர் வாயிலும் வரவில்லை.

வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு முன்னிகழ்வு உண்டு. டென்மார்க்கின் பேங் அண்டு ஒலுஃப்சன் நிறுவனம் பென்சில் போல் நெடிதாய் நிற்கும் ஒலிபெருக்கி ஒன்றின் வடிவத்தைப் பதிய முயன்றது. அலுவலகம் மறுத்தது, அவ்வடிவத்துக்குத் தனித்தன்மை உண்டு என்று இதே நீதிமன்றம் 2007இல் மறுப்பை நீக்கியது. கோப்பு திரும்பி வந்ததும் அலுவலகம் இரண்டாம் வினாவைக் கையிலெடுத்தது. 2011 அக்டோபர் 6ஆம் நாள் நீதிமன்றம் அவ்வினாவின்பேரில் மறுப்பை உறுதி செய்தது. அவ்வொலிபெருக்கி சிற்பம் போன்றது என்று புகழ்ந்து அதனை விற்ற விளம்பர வாசகங்களே அதற்கு எதிரான சான்றாயின. உதட்டுச்சாயச் சிமிழ்களைப் பற்றிய விளம்பரங்கள் அவற்றினும் அடக்கமானவை என்று சொல்வதற்கில்லை. பதிவு பெற்ற வடிவச் சின்னம் எதனையும் இக்காரணம் காட்டிச் செல்லாததாக்குமாறு அலுவலகத்தை வேண்ட அச்சட்டம் எவருக்கும் இடம் தருகிறது. வழக்கில் தொடர்புடைய போட்டி வணிகராய் இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.