அறிக்கை யார் கையில்?

இதயத்தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. மகனானாலும் மகளானாலும் மரபணு மாற்றம் வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உயிரியல் பாகுபாடு பார்ப்பதில்லை, குடும்பம் பார்க்கிறது. அண்ணனுக்கு இருந்தால் அது மருத்துவச் செய்தி. தங்கைக்கு இருந்தால் கல்யாணப் பேச்சு.

அமெரிக்க மானிடவியலாளர் ரேய்னா ராப், 1999 இல் வெளியான தம் நூலுக்காக, பனிக்குடநீர்ச் சோதனையை எதிர்கொண்ட நியூயார்க் பெண்களோடு பேசினார். முன்னோர் எவரும் எடுத்திராத முடிவுகளை எடுக்கவேண்டிய இடத்தில் தொழில்நுட்பம் பெண்களை நிறுத்துகிறது என்று காட்டினார். சோதனையை மறுத்தவர்களின் காரணங்களையும் அறியாமை என்று தள்ளாமல் கேட்டது அந்நூலின் பலம். ஆனால் அங்கே பெண் தாயாகப்போகிறவளாகவே வருகிறாள். 19 வயதில், தன் உடலுக்காகவே சோதனைக்கு அழைக்கப்படும் மகளுக்கு அந்தச் சட்டகம் போதாது.

முடிவைச் சோதனைக்கு வருபவரே எடுக்க வேண்டும் என்பது மரபணு ஆலோசனையின் அடிப்படை நெறி. நல்ல நெறிதான். ஆனால் அது ஒரு தனியாளைக் கற்பனை செய்துகொள்கிறது. நம் ஊரில் அவள் அப்பாவோடு வருகிறாள். பணம் கட்டியவர் கைக்கு அறிக்கை போகிறது. 'சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்' என்றால், அந்த வேலை அம்மா, அத்தை, சித்தி தலையில் விழுகிறது. நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் கூடவே விழுகிறது.

இதயத்தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2009 இல் ஓர் ஆய்வு சொன்னது. நூறில் நான்கு பேரிடம் இருப்பது எப்படி ஒரு வீட்டின் களங்கமாகும்? 2018 இல் தில்லி உயர் நீதிமன்றம், இதே நோயுள்ள ஒருவரின் வழக்கில், மரபணுவைக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்றது. கல்யாணச் சந்தைக்கு அப்படியொரு தீர்ப்பு இல்லை.

ஆகவே, துணைநிற்பது என்றால் 18 வயது நிரம்பியவளிடம் முதலில் தனியாகப் பேசுவது. மாற்றம் இருக்கும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை என்று விளக்குவது. 'இப்போது வேண்டாம்' என்றாலும், இசிஜி, எக்கோ எடுத்து இதயத்தைக் கவனித்துவரலாம் என்று சொல்வது. அறிக்கையை அவள் கையிலேயே கொடுப்பது.

அவள் மௌனம் தம்பியின் உயிருக்கு ஆபத்தாகலாமே என்பது நியாயமான கேள்வி. அதற்காக அவளை மீறிச் சொல்லிவிட வேண்டியதில்லை. உறவினருக்குத் தர ஒரு கடிதத்தையும், கூட இருந்து பேச ஒருவரையும் மருத்துவமனை தரட்டும். சுமையைப் பகிராத இடத்தில் தேர்வுரிமை வெறும் கையெழுத்துதான்.