பாலா அண்ணை இருந்திருந்தா...

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே போனால் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் வரும். அங்கே ஒரு டீக்கடையில் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலை இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "பாலா அண்ணை இருந்திருந்தா இப்பிடி முடிஞ்சிருக்காது தம்பி."

கிட்டு இருந்திருந்தால், தமிழ்ச்செல்வன் இருந்திருந்தால் என்று இதையே பல பெயர்களில் கேட்டிருக்கிறோம். இழப்புகள் உண்மைதான். 1993 ஜனவரியில் கிட்டு கடலில் இறந்தார். 2006 டிசம்பரில் அன்ரன் பாலசிங்கம் லண்டனில் புற்றுநோயால் போனார். 2007 நவம்பர் 2 அன்று விமானத் தாக்குதலில் தமிழ்ச்செல்வன். ஆனா அந்த வாக்கியத்தை என்னால் இப்போது நம்ப முடியவில்லை.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியபோது பாலசிங்கம் உயிரோடுதான் இருந்தார். 2005 ஜனாதிபதித் தேர்தலை வடக்கில் புறக்கணிக்க வைத்து, இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ராஜபக்ச வென்றபோதும் இருந்தார். ஆட்கள் இருந்தார்கள், "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளேயே இருக்க ஓர் இடம்தான் இல்லை. துணைத் தலைவராக இருந்த மாத்தையாவை இந்திய உளவாளி என்று குற்றம்சாட்டி 1994-ல் இயக்கமே கொன்றபோது அந்த இடம் மூடப்பட்டுவிட்டது.

ஹமாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் ஒரு மாத இடைவெளிக்குள் ஷேக் அகமது யாசினையும் ரன்டிசியையும் இஸ்ரேல் கொன்றது. 2006 ஜனவரியில் அந்த இயக்கம் தேர்தலில் வென்றது. காசா, மேற்குக் கரை, சிறை, வெளிநாடு எனப் பிரிந்த தலைமையும் ஷூரா அவையும் அதற்கு இருந்தன. 2024-ல் ஹனியேவும் சின்வாரும் கொல்லப்பட்ட பிறகும் அது கலையவில்லை. ஆனால் அமைப்பு பிழைத்ததால் காசா மக்கள் பிழைத்தார்களா? இல்லை. ஒரு தலைவர் போனால் அடுத்தவர் வருவது ஒரு திறன். தவறான முடிவைத் தடுப்பது வேறு திறன்.

தமிழினியின் நூல் இந்த இரண்டாவதைப் பற்றியது. 1991-ல் சேர்ந்து மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளரானவர் அவர். இறுதிக்காலக் கட்டாய ஆட்சேர்ப்பை எழுதும் இடங்களில் அரசியல்துறை என்ற சொல்லே நமக்குக் கசக்கிறது. குறை என்னவென்றால், விமர்சனம் பெரும்பாலும் பின்னோக்கிய பார்வையாகவே வருகிறது. அன்றைக்கே தோன்றியதா, தோன்றியும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே வாசித்தேன்.

அதற்கான பதில் நூலுக்கு வெளியே கிடைத்தது. 2015 அக்டோபரில் அவர் இறந்தார். 2016-ல் நூல் வந்தது. உடனே, இது அவர் எழுதியதே இல்லை என்றார்கள் சிலர். உள்ளிருந்த ஒருவர் கேள்வி கேட்டால் அது அவர் குரலே இல்லை என்று சொல்லும் அதே பழக்கம். பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குள் போனவர் இந்தப் பழக்கத்துக்கு நடுவேதான் வாழ்ந்திருக்கிறார்.

பெரியவரிடம் கேட்டேன்: "பாலா அண்ணை இருந்திருந்தாலும், அவர் சொன்னா யார் கேட்டிருப்பாங்க ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. புத்தகத்துக்குக் கை நீட்டினார். "வாசிச்சிட்டுத் தாறன்."