பெண்களுக்கான பூட்ஸ்

குதிகால் விடுபட்டால் மனமும் விடுபடும் என்பது டெலிமார்க் சறுக்குவோரிடம் புழங்கும் பேச்சு. ஓஸ்லோவில் படித்துக்கொண்டிருந்த என் இரண்டாம் குளிர்காலத்தில் அந்தப் பேச்சில் மயங்கித்தான் பனிச்சறுக்கு கற்கப் போனேன். குதிகால் விடுபட்டது உண்மைதான். கூடவே வலது கால் பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தது. நகம் போனதற்கு என் கால்தான் காரணம் என்று ஒரு பருவம் முழுக்க நம்பியிருந்தேன்.

டெலிமார்க் என்பது தெற்கு நார்வேயின் ஒரு பகுதி. அங்குள்ள மோர்கெடாலில் 1825இல் பிறந்த ஏழைக் குடியானவர் சோன்ட்ரே நூர்ஹைம், 1868இல் இன்றைய ஓஸ்லோவில் நடந்த போட்டியில் வென்று இந்தச் சறுக்குமுறையைப் புகழடையச் செய்தார். இதில் காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையில் பூட்டப்படும், குதிகால் எழும்பும். திரும்பும்போது ஒரு கால் முன்னே போக, பின்காலின் முழங்கால் தாழும், குதிகால் உயரும். மடங்கிய அந்தப் பின்பாதம் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்க வேண்டும்.

அதனால் இந்த விளையாட்டில் பூட்ஸ்தான் முக்கியம். முன்பு தோலில் செய்தார்கள். 1990களில் பிளாஸ்டிக் பரவியது. விரல்களுக்குப் பின்னால் துருத்தி போன்ற மடிப்பு இருக்கும். பாதம் மடங்கும் இடமும் அந்த மடிப்பும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். பூட்ஸ் பெரிதாக இருந்தால் மடிப்பு விரல்களின் மேல் விழுந்து அழுத்தும்.

நான் போன கடையில் விற்பனையாளர் என் காலை அளக்கவில்லை, என்னைப் பார்த்தார். “பெண்களுக்கு மென்மையானதே போதும்” என்று ஒரு வெளிர்நீல ஜோடியை எடுத்துவந்தார். வசதியாக இருக்கட்டும் என்று ஓர் அளவு கூட்டியும் கொடுத்தார். இறுகிய பனியில் நான் கொடுத்த விசை பலகைக்குப் போகவே இல்லை. பூட்ஸிலேயே மடிந்து அடங்கிவிட்டது. ஒரு சரிவில் முழங்கால் தரையில் மோத விழுந்தேன். எனக்கு இது வராது என்று முடிவுகட்டினேன்.

‘பெண்களுக்கானது’ என்ற அந்தப் பெட்டிக்குள் வழக்கமாக என்னென்ன இருக்கின்றன என்று பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். ஒன்று, கணுக்காலுக்கு மேலுள்ள பகுதியின் உயரம் குறைவு. பெண்கள் பலருக்குக் கெண்டைக்கால் தசை சற்றுத் தாழ்ந்தே தொடங்குவதால் உயரமான விளிம்பு அங்கே வெட்டும். இரண்டு, குதிகால் பகுதி குறுகல். இவ்விரண்டும் பெண் உடலைக் கவனித்ததால் வந்தவை, நமக்குத் தேவையானவை. மூன்றாவது, மென்மை. இது வேறு வகை. பூட்ஸ் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை எடை, கால்வலு, வேகம், பலகையின் அகலம் ஆகியவை தீர்மானிக்கின்றன. மெலிந்த ஆணுக்கும் மென்மையானது பொருந்தலாம். அவரை யாரும் பெண்கள் அலமாரிக்கு அனுப்புவதில்லை.

முதல் இரண்டும் அளவு, மூன்றாவது தீர்ப்பு. அளவோடு தீர்ப்பையும் சேர்த்துக் கட்டி விற்பதுதான் என் புகார். ஆண் உடலையே பொது உடலாகக் கொள்வது ஒரு தவறு. வித்தியாசத்தை ஒப்புக்கொண்ட கையோடு அதைக் குறைவு என்று எழுதிவைப்பது இன்னொரு தவறு.

இந்தத் தீர்ப்பு பழையது. நார்வேயின் யோஹான்னே கோல்ஸ்தா 1938இல் பனிச்சறுக்குத் தாண்டலில் 72 மீட்டர் பறந்தார். 1924 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் அந்தப் போட்டியில் பெண்களுக்கு 2014இல்தான் இடம் கிடைத்தது. தாண்டலும் சறுக்கோட்டமும் சேர்ந்த நார்டிக் இரட்டைப் போட்டியில் 2026இலும் பெண்கள் பிரிவு இல்லை.

அடுத்த ஜோடியை நானே அளந்து வாங்கினேன். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி இரு பாதங்களின் நீளத்தையும் சென்டிமீட்டரில் குறித்தேன். உள்ளுறையைக் கழற்றி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரைத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு விரல் இடைவெளிதான் இருக்கிறதா என்று பார்த்தேன். முழங்காலைத் தாழ்த்தி மடிப்பு எங்கே விழுகிறது என்று தடவிப் பார்த்தேன். கடைசியில் பொருந்தியது விறைப்பான, விளிம்பு தாழ்ந்த ஒரு ஜோடி. அதன் பெட்டியிலும் ‘பெண்களுக்கானது’ என்றே இருந்தது. அதற்காக அதை ஒதுக்கவில்லை. அலமாரியில் அப்படி ஒன்றுதான் இருந்தது என்பதை மட்டும் கடையில் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனுடன் மூன்று குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. கணுக்கால் எலும்பு உரசிய இடத்தைச் சூடாக்கி விரித்துக்கொடுத்தார்கள். இரவில் உள்ளுறையை உருவி, அடுப்புக்கு எட்டத்தில் உலர்த்துகிறேன். கோடையில் கொக்கிகளைத் தளர்வாகப் பூட்டி வைக்கிறேன், வடிவம் கெடாதிருக்க. இன்னமும் விழுகிறேன். ஆனால் விழும்போது பிழை என்னுடையதா பொருளுடையதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

நகம் முளைத்துவிட்டது. நமக்கென்று தனியாகச் செய்யப்பட்ட எதைக் கையில் எடுத்தாலும், இதில் எது நம்மை அளந்து செய்தது, எது அளக்காமலே முடிவுசெய்தது என்று கேட்கும் பழக்கமும் அதோடு வந்துவிட்டது.