மாமல்லபுரம்: படுதாவாகிப்போன பாறை

டிசம்பர், ஜனவரியில் நடக்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவைப் பற்றிப் பேசுறவங்க தவறாமல் சொல்வது, 'பின்னணி பிரமாதம்!' என் குறையே அதுதான். விளக்கொளியில் கடற்கரைக் கோயில் அழகாத்தான் இருக்கு. ஆனா நாற்காலியில் இருப்பவருக்கு அது வெறும் படுதா. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் கலாக்ஷேத்ரா நிகழ்ச்சி பார்த்தபோது தொலைக்காட்சியில் நாம் கண்டதும் படுதாதான்.

முன்பு விழா அர்ஜுனன் தபசு பாறை முன்னால் நடந்தது. அந்தப் பாறையே ஒரு நிகழ்ச்சி. நடுவில் பிளவு, அதில் நாகர்கள், உச்சியில் நீர்த்தொட்டி இருந்த தடயம். திறந்துவிட்டால் கங்கையே இறங்கியிருக்கும்! (அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்ற சண்டை இன்னும் ஓயல.) ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்யுது, காலடியில் எலிகள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிச்சுட்டா நகரவே மாட்டாங்க. உட்கார்ந்து பார்க்கிற விஷயமில்லை இது, நடந்து நடந்து பார்க்கணும்.

மாமல்லன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற மணிமங்கலத்தில் இருக்கிற உரிமையில் கேட்கிறேன்: விழாவில் ஒரு மாலையாவது மேடை, நாற்காலி எல்லாத்தையும் விட்டுட்டு, அந்தப் பாறை ஓரமா எங்களை நடத்திக் கூட்டிட்டுப் போய், பூனையிலிருந்து ஆட ஆரம்பிக்கலாமே?