மாதம், அதிகாரி, அடி: மதுரைத் தெருக்களை வாசித்தல்

மதுரைத் தெருக்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தாமரையில்தான் தொடங்குகிறார்கள். நடுவே கோயில், சுற்றி அடுக்கடுக்காய் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள். நகரம் பூத்துக்கிடக்கிறது, அதற்குள் வியர்த்து நிற்கிற ஆளைக் காணோம். இந்தத் தாமரையை எழுதி எழுதியே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெருவைத் தொலைத்துவிட்டோம் என்பது என் வாசிப்பு.

பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, 1837 தொடங்கிச் சில ஆண்டுகளில், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இடித்துத் தூர்க்கிறவருக்கே அந்த மனை என்று ஏற்பாடு. வெளி வீதிகள் அப்படி வந்தவை. கூடவே சர்வேயர் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் இன்னொரு வீதி. அதுவரை தெரு சுமந்தது மாதத்தின் பெயரை. எந்த மாதம் சாமி எந்த வீதியில் வரும் என்பதே முகவரி. (திருமலை நாயக்கர் விழாவை மாற்றிவைத்த பிறகு சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவது தனிக்கதை.) இப்போது அளந்தவரும் கட்டியவரும் பெயராகிறார்கள். கடப்பாரை பிடித்தவர்களுக்குப் பலகை இல்லை. கலெக்டருக்கு மட்டும் விளக்குத்தூண் நிற்கிறது.

அப்புறம் ஊர் வீங்கியது. 1866-இல் நகராட்சி, 1875-இல் ரயில், 1876–78 பெரும்பஞ்சம், 1892-இல் ஹார்வி மில். 1871-இல் சுமார் 52 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1901-இல் 1,05,984. முப்பதே வருஷத்தில் இரு மடங்கு. வந்து சேர்ந்த இத்தனை பேரும் எங்கே படுத்தார்கள், கூடையை எங்கே இறக்கினார்கள்?

ஏறக்குறைய அதே காலத்து லண்டனுக்கு ஹென்றி மேஹ்யூ கிடைத்தார். 1849-50இல் பத்திரிகைக்காக ஏழை ஜனங்களிடம் உட்கார்ந்து பேசினார். தோல் பதனிட நாய்ப்பீ பொறுக்கி விற்றவர்கள், தேம்ஸ் சேற்றில் கரித்துண்டு தேடிய பிள்ளைகள் எல்லோரும் தங்கள் வரவு செலவோடும் பேச்சோடும் அவர் நூலுக்குள் வந்தார்கள். மேஹ்யூ ஒன்றும் புனிதரில்லை. 'அலைகிற இனங்கள்' என்று காலனிய மானுடவியலை லண்டன் ஏழையின் மேல் ஒட்டிப் பார்த்தவர்தான். இருந்தாலும் அங்கே அந்த ஜனங்கள் வாயைத் திறக்கிறார்கள்.

நம்ம ஊர்த் தெருவாசிக்கு எழுத்தில் கிடைத்த இடம் 1889-ஆம் ஆண்டின் மாகாண நகரத் தொல்லைகள் சட்டம். வண்டியை நிறுத்தி வழி மறித்தால், சரக்கைப் பரப்பி இடைஞ்சல் செய்தால், குடித்து நிதானமிழந்து கிடந்தால் குற்றம். பிழைப்பு முழுவதும் 'நியூசன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லாடலுக்குள் அடைபடுகிறது. சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களை நினைத்துப் பாருங்கள்: விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரிப்பார்கள், கஞ்சி போடுவார்கள். தெருவே தறியின் ஒரு பாகம். தெரு என்றால் போக்குவரத்து மட்டும்தான் என்று வரையறுக்கிற அதிகாரத்துக்கு அந்த நூல் வெறும் தடையாகத்தான் தெரியும்.

வால்ட்டர் பெஞ்சமினைப் படித்த நம் நண்பர்கள் சிலர் மதுரையிலும் 'சும்மா உலாத்துகிறவனை'த் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால் எவன் இங்கே சும்மா உலாத்த முடிந்தது? தலித்துகளும் நாடார்களும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. தேர் வீதி கோயிலின் நீட்சி என்று கொண்டாடுகிறபோது, அந்த நீட்சியில் யார் எதுவரை நடந்தார்கள் என்று கேட்காமல் இருப்பது சாமர்த்தியமான மறதி. பெண்களை அந்த உலாத்தலில் சேர்க்க யாருக்கும் தோன்றியதாகவே தெரியவில்லை.

நான் குடியிருக்கும் கே.கே. நகர் வையைக்கு வடக்கே, தாமரைக்கு வெளியே இருக்கிறது. இங்கே பெரிய ரோட்டின் பெயர் எண்பதடி ரோடு. மாதமும் போச்சு, அதிகாரியும் போச்சு, அடிக்கணக்கு மிச்சம். தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தரச்சொல்லி 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. தொல்லைக்குப் பதில் 'வாழ்வாதாரம்' என்று எழுத 125 வருஷம் ஆகியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது தள்ளுவண்டியில் காய் விற்கும் அம்மா சொன்னார்: "இங்கன நிக்காதங்கிறாக, அங்கன நிக்காதங்கிறாக. எங்கன நிக்கணும்னு சொன்னா அங்கன போயி நிக்கப்போறேன்."

மேஹ்யூவாக இருந்தால் அடுத்து அன்றைய முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்டிருப்பார். கேட்டேன். முதலை மட்டும் சொன்னார். வட்டிக்குச் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.