வாரின் நீளம்

பறையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லாரும் தோலுக்குத்தான் போகிறார்கள். எந்தக் கன்றின் தோல், புளியங்கொட்டைப் பசை எப்படிப் பிடித்தது, எவ்வளவு நேரம் தீயில் காட்டினார்கள் என்று பேச்சு ஓடும். இன்னும் கொஞ்சம் ருசி கண்டவர்கள் சட்டத்தின் மரத்துக்கு வருவார்கள். தோளில் கிடக்கும் வாரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ ஒரு குழு வரிசை கட்டி நின்றதும் முதலில் கண் போவது அங்கேதான். வார் எந்த நீளத்தில் தொங்குகிறது என்று பார்த்தால், இடக்கையில் பிடிக்கும் சிண்டுக்குச்சி எப்படிப் பேசப்போகிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

இடக்கைக்கு இரண்டு வேலை. கருவியை நிலைநிறுத்தவும் வேண்டும், சிண்டுக்குச்சியையும் வாசிக்க வேண்டும். வார் நீளமாகிவிட்டால் பறை இடுப்புக்குக் கீழே இறங்கும். அதைத் தூக்கிப் பிடிக்கும் கவலையிலேயே மணிக்கட்டு இறுகிவிடும். அப்புறம் சிண்டுக்குச்சியில் ஒலி ஏது? தட்டென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ரொம்பக் குட்டையாகப் போனால் முன்கை தோலில் படிந்து நாதத்தை அமுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் இருக்கிறது. அங்கே பறையின் பாரத்தைத் தோள் வாங்கிக்கொள்ளும், கை பறையை நிலைநிறுத்தினால் போதும். சிண்டுக்குச்சி தோலின்மேல் படுத்துத் துள்ளும், வலக்கையின் அடிக்குச்சி விட்ட இடைவெளியெல்லாம் நிரம்பும்.

இந்த நீளத்தை ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் ஒரு பெரியவரிடம் கண்டேன். போளூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்திருந்த குழு. ஜவ்வாது மலையில் சாயங்காலம் ஈரக்காற்று இறங்கினால் தோல் தொய்ந்துவிடும், பாட்டுக்குப் பாட்டு தீயில் காட்டியாக வேண்டும். மற்றவர்கள் பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மாட்டிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் வாரை அவிழ்த்துக் கட்டினார். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய துணி வார். வேர்வையும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. நின்று வாசிக்க ஒரு முடிச்சு, அடவுக்கு அதைவிட விரற்கடை ஏற்றி இன்னொன்று. குதிக்கும்போது பறை உடம்பை விட்டு விலகாமல் கூடவே எழும்பிற்று, கூடவே இறங்கிற்று. அப்படிச் சுழன்று ஆடுகையிலும் அவருடைய சிண்டுக்குச்சி ஓரிடத்திலும் மங்கவில்லை. குழுவின் மற்ற வாசிப்பு எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது; நான் அந்த முடிச்சையும் அந்த இடக்கையையும் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

தேர்ந்த கைக்கு வார் தேவையில்லை, முழங்கை மடிப்பில் இடுக்கியே வாசிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து வாசிக்க அது சரிதான். யுகுலேலேக்காரர்களிடமும் இதே வழக்கு ஓடுகிறது. 1879இல் மதெய்ரா தீவிலிருந்து கப்பலில் ஹொனலூலுவுக்கு வந்து இறங்கியவர்கள் கொண்டுபோன சின்ன நரம்புக் கருவியின் வாரிசு அது. நெஞ்சோடு அணைத்து முன்கையால் பிடிப்பதுதான் பழக்கம். வார் மாட்டுவது பழகாத கைக்கு வேண்டியது என்று அங்கேயும் சொல்வார்கள். ஆனால் எழுந்து நின்றால் அந்தக் குட்டிக் கருவியின் கழுத்தையே இடக்கை தாங்க வேண்டிவருகிறது, விரல்கள் ஓடுவது குறைகிறது. பறையோ நிற்பதோடு விடுவதில்லை, ஆட வைக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையோடு ஆடும் வேகத்தைப் பார்த்தவர்கள் வார் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கல்லூரிகளிலும் கல்யாணங்களிலும் இன்று பறை ஒலிக்கிறது, மனம் நிறைகிறது. ஆனால் புதிய குழுக்களின் தோளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பள்ளிப் பையில் இருப்பதுபோல் பஞ்சு வைத்த அகல நைலான் பெல்ட். தோளை அறுக்காது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் வேர்த்ததும் அது வழுக்குகிறது, பறை தன்னிஷ்டத்துக்கு இறங்குகிறது. அதைவிட மோசம், எல்லாருக்கும் ஒரே அளவில் வாங்கி மாட்டிவிடுவது. ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி இளைஞனுக்கும் ஒரே நீளமா? வரிசையாக நின்றால் படத்துக்கு அழகாக இருக்கும். வரிசையின் பாதிப் பேருக்குச் சிண்டுக்குச்சி செத்துப்போயிருக்கும்.

பிளாஸ்டிக் தோல் வந்தபின் தீயும் தேவையில்லாமல் போயிற்று. தீ மூட்டிய நேரத்தில்தான் ஆசான்கள் இளையவர்களின் வாரை இழுத்துப் பார்த்து, முடிச்சைத் தளர்த்தி, மறுபடி கட்டிவிட்டார்கள். இப்போது கருவி பையிலிருந்து நேரே மேடைக்குப் போகிறது. பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் முதல் நாள் முதல் அடியைச் சொல்லித்தருவதற்கு முன்னால், ஆளுக்கொரு நீளத் துணியைக் கொடுத்து அவரவர் உயரத்துக்கு அவரவரே முடிச்சுப் போடச் சொல்ல வேண்டும்.